ரீஷூட் யார் கேட்கலாம், எப்போது கிடைக்கும்: பிராக்டிகல் ஷூட்டிங் விதிகள் பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) விதிகளின்படி நடந்த ஒரு கைத்துப்பாக்கிப் போட்டியில் கேட்டவருக்கு நான்கு விஷயங்கள் உறுத்தியிருக்கின்றன. பாப்பரில், அதாவது பட்டால் சாய வேண்டிய இரும்பு இலக்கில், குண்டு பட்டும் அது சாயவில்லை. அதை விட்டுவிட்டு ஸ்டேஜை (ஒரே ஓட்டத்தில் சுட்டு முடிக்க வேண்டிய இலக்குகளின் தொகுப்பு) முடித்து, பிறகு ஆட்சேபித்தார். அதிகாரி சுட்டுப் பார்த்த சோதனையில் பாப்பர் சாய்ந்துவிட்டது, அவருக்கு ‘மிஸ்’ போட்டார்கள். இரண்டாவது, இன்னொரு ஸ்டேஜில் அட்டை இலக்கில் முந்தைய ஆளின் ஓட்டைகள் ஒட்டுத்தாளால் மூடப்படாமல் இருப்பதைப் பார்த்துப் பாதியில் நின்றார், ரீஷூட் (அதே ஸ்டேஜை மறுபடி சுடும் வாய்ப்பு) தரவில்லை. மூன்றாவது, அவருடைய ஸ்குவாடில் (ஒன்றாகச் சுடும் போட்டியாளர் குழுவில்) ஒருவர் மீது, டைமரோடு கூட வரும் அதிகாரியான ரேஞ்ச் ஆபிசர் மோதிவிட்டார், அவருக்கு மட்டும் ரீஷூட் கிடைத்தது. நான்காவது, தான் மிகச் சிறப்பாகச் சுட்ட ஸ்டேஜில் ஸ்கோர் தாளில் நேரம் எழுதப்படவில்லை என்று சொல்லி மறுபடி சுட வைத்தார்கள். “இதற்கெல்லாம் விதி இருக்கிறதா, இல்லை ஆபிசரின் மனநிலையைப் பொறுத்ததா?” என்பது கேள்வி.

விதி இருக்கிறது. நான்கில் மூன்றில் அவர்கள் செய்தது சரி. பாப்பர் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்தால் இல்லை. அதற்கு வருகிறேன்.

ரீஷூட்டைப் பலர் ஆறுதல் பரிசு போலப் பார்க்கிறார்கள். விதிநூல் அப்படிப் பார்ப்பதில்லை. எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே ஸ்டேஜ், ஒரே நிலையில் கிடைக்க வேண்டும். களமோ கருவியோ அதிகாரியோ அதைக் கெடுத்துவிட்டால் அந்த முயற்சி நடக்காதது போல் அழிக்கப்பட்டு, புதிதாக ஒன்று நடத்தப்படும். கெட்டது உங்கள் துப்பாக்கியால், உங்கள் குண்டால், உங்கள் முடிவால் என்றால் ரீஷூட் கிடையாது. ஒரு ஸ்டேஜை ஒருமுறை சுட்டவருக்கு அதன் ஓட்டம் உடம்பில் பதிந்துவிடும். இரண்டாம் முறை சுடுவதே ஒரு அனுகூலம். ஆகவே பாவம் பார்த்து ரீஷூட் கொடுக்கும் ஆபிசர் ஒருவருக்கு நல்லவராகி, மீதி அத்தனை பேருக்கும் துரோகம் செய்கிறார். இதை நான் கடுமையாகவே சொல்வேன்.

விதிநூலைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெரும்பாலான இடங்களில் ரீஷூட் ‘கட்டாயம்’. அதாவது போட்டியாளர் வேண்டாம் என்றாலும் சுட்டுத்தான் ஆக வேண்டும். தற்செயலான மோதல், வெளிக் குறுக்கீடு போன்ற இடத்தில் மட்டும் ஆபிசர் ‘வழங்கலாம்’, போட்டியாளர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். உங்கள் மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கான விடை இந்த ஒரு வேறுபாட்டிலேயே இருக்கிறது.

முதலில் பாப்பர். கணக்கிலிருந்து ஆரம்பித்தால்தான் எது புத்திசாலித்தனம் என்று தெரியும். பெரும்பாலான ஸ்டேஜ்களில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம். எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபாக்டர். பாப்பர் சாய்ந்தால் 5 புள்ளி. நின்றுவிட்டால் அந்த 5 போவதோடு, மிஸ்ஸுக்கு 10 அபராதம். மொத்தம் 15 புள்ளி வித்தியாசம். ஒரு ஸ்டேஜில் 110 புள்ளியை 20 வினாடியில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள், ஹிட் ஃபாக்டர் 5.50. ஒரு பாப்பர் நின்றுவிட்டால் 95 புள்ளி, ஹிட் ஃபாக்டர் 4.75. அதே பாப்பரை இன்னொரு முறை சுட்டு வீழ்த்த அரை வினாடி ஆனால் 110-ஐ 20.5-ஆல் வகுங்கள்: 5.37. இழப்பு எவ்வளவு சின்னது பாருங்கள்.

பட்டும் சாயாத பாப்பருக்கு மூன்று வழிகள்தான் உண்டு. மறுபடி சுட்டு வீழ்த்துவது ஒன்று. அப்படிச் செய்துவிட்டால் பிறகு எந்த முறையீடும் கிடையாது, விஷயம் அத்தோடு முடிந்தது. நின்றபடியே விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது இன்னொன்று; மிஸ். மூன்றாவது நீங்கள் செய்தது, நிற்க விட்டுவிட்டு அளவீட்டைச் சவாலுக்கு அழைப்பது, அதாவது பாப்பர் சாயத் தகுந்தபடி வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்வது. அப்போது ஒரு அதிகாரி, நீங்கள் சுட்ட இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே நின்று, போட்டிக்கென ஒதுக்கப்பட்ட குறைந்த சக்தியுள்ள குண்டால் அதே பாப்பரைச் சுடுவார். அவருடைய குண்டு பாப்பரில் சோதனைக்கென வரையறுத்த அளவீட்டுப் பகுதியில் பட்டு பாப்பர் சாய்ந்தால், பாப்பர் சரியாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கு மிஸ். அவர் சுட்டும் சாயாவிட்டால் கருவிக் கோளாறு, ரீஷூட்.

பலரும் இங்கே ஏமாறுவது, “என் குண்டு பட்டதே, அடையாளம் இருக்கிறதே” என்ற வாதத்தில். பட்டது உண்மையாக இருக்கலாம். பாப்பரின் அடிப்பகுதியிலோ ஓரத்திலோ பட்டால் அது சாயாமல் நிற்கக்கூடும், அது யார் குற்றமும் இல்லை. சோதனை கேட்பது பாப்பர் சாயத் தகுந்தபடி இருந்ததா என்பதை மட்டும்தான். இரும்புத் தட்டுகளுக்கு இந்தச் சவால் முறை பொருந்தாது. தட்டில் பட்டும் விழவில்லை என்று ஆபிசருக்கே தெளிவாகத் தெரிந்தால் அவர் கருவிக் கோளாறு என்று அறிவித்து, சரிசெய்து, ரீஷூட் சொல்லலாம்.

இப்போது உங்களுக்கு நடந்தது. “ஸ்கோர் எழுத வந்த இரண்டாவது ஆபிசர் பாப்பர் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கையால் நேராக்கினார், அப்புறம் சோதித்தார்கள்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கதையிலும் முக்கியமான வரி அதுதான். சவால் விட்ட நொடியிலிருந்து அந்தப் பாப்பரை யாரும் தொடக் கூடாது. அதிகாரி தொட்டால் ரீஷூட் கட்டாயம். போட்டியாளர் தொட்டால் மிஸ். சோதிக்கும் முன்பே காற்றோ வேறு ஏதோ அதைத் தள்ளிவிட்டாலும் ரீஷூட் தான். குண்டு பட்ட நேரத்தில் பாப்பர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையைச் சோதிப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. கை வைத்தவுடன் சோதிக்க எதுவும் மிச்சமில்லை. ஆகவே சோதனையின் முடிவு என்னவானாலும் நீங்கள் மறுபடி சுட்டிருக்க வேண்டும். அங்கேயே எல்லா ஆபிசருக்கும் மேலான ரேஞ்ச் மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இருந்தாலும் என் அறிவுரை: பாப்பரை மறுபடி சுடுங்கள். மேலே உள்ள 5.37-ஐயும் 4.75-ஐயும் பார்த்தீர்களே. சவால் விடுவதென்றால், இரண்டு மூன்று முறை நடுவில் அடித்தும் அசையாமல் நிற்கும் பாப்பருக்கு விடுங்கள்.

அட்டை இலக்கில் நின்றுபோன விஷயத்துக்கு வருவோம். இது கசப்பாக இருக்கும். ஒட்டாத ஓட்டையைப் பார்த்துத் தானாக நிற்கிற அல்லது தயங்குகிற போட்டியாளருக்கு ரீஷூட் உரிமை இல்லை என்று விதியே நேரடியாகச் சொல்கிறது. ஒட்டாத இலக்கு கருவிக் கோளாறு என்ற கணக்கில் வராது. அது ஸ்கோர் எடுக்கும்போது தீர்க்க வேண்டிய பிரச்சினை. நீங்கள் சுட்டு முடித்திருந்தால் ஆபிசர் அந்த இலக்கின் முன் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பார்: இதில் சரியான ஸ்கோரைச் சொல்ல முடியுமா?

அந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுவார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இலக்குக்கு இரண்டு குண்டு, ஆனால் மூன்று ஓட்டைகள். முதலில் அவர் ஓட்டையின் விளிம்பைப் பார்ப்பார். ஒட்டு பிய்ந்து விழுந்த பழைய ஓட்டையைச் சுற்றி அட்டையின் மேல்தோல் உரிந்திருக்கும், பசையின் சதுர வடு இருக்கும். புதிய ஓட்டையைச் சுற்றிக் குண்டு துடைத்துவிட்டுப் போன கரிய வளையம் இருக்கும். கீழே தரையில் ஒட்டு விழுந்து கிடக்கிறதா என்றும் பார்ப்பார். பழையது எது என்று தெளிவாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் எண்ணுவார், ரீஷூட் தேவையில்லை. முந்தைய ஆளின் ஓட்டை ஒன்றுதான் ஒட்டாமல் போயிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்து, மூன்றும் அதிகப் புள்ளி தரும் நடுப்பகுதியான ஏ பகுதியிலேயே இருந்தால், எது யாருடையது என்றாலும் உங்களுக்கு இரண்டு ஏ, அப்போதும் தேவையில்லை. ஆனால் இரண்டு ஏ பகுதியில், ஒன்று டி பகுதியில், மூன்றின் விளிம்பும் ஒரே மாதிரி என்றால்? ஏ 5 புள்ளி, டி பெரிய சக்திக் குண்டுக்கு 2, சிறியதற்கு 1. யூகித்து எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. கட்டாய ரீஷூட். காற்றோ பக்கத்தில் சுட்டவரின் குழல் வாயிலிருந்து வெளிவரும் காற்றழுத்தமோ புதிதாக ஒட்டிய ஒட்டுகளைப் பறக்கடித்தாலும் இதே முறைதான்.

ஆக, நீங்கள் நிற்காமல் சுட்டிருந்தால் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்று சரியான ஸ்கோர் கிடைத்திருக்கும், இல்லையென்றால் ரீஷூட். நின்றதால் இரண்டும் போய்விட்டன. ஒருவர் நின்றதும் ரீஷூட் கிடைக்கும் என்றால், மோசமாகச் சுட்டுக்கொண்டிருக்கும் எவரும் ஏதோ ஒரு ஓட்டையைக் காட்டி நின்றுவிடலாமே! அந்த வழியை அடைக்கத்தான் இந்த விதி. இன்னொன்றையும் யோசியுங்கள்: நீங்கள் ஓடும்போது டைமர் பிடித்திருக்கும் ஆபிசரின் கண் உங்கள் கையிலும் துப்பாக்கியிலும்தான் இருக்கும், இலக்கில் இல்லை. நீங்கள் பார்த்ததை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும். ஸ்கோர் எடுக்கும் முன்பே ஸ்குவாடில் யாரோ ஆர்வக்கோளாறில் ஒட்டிவிடுவார்கள். ஓட்டையைப் பார்க்கவே முடியாமல் போனால் ரீஷூட் தான். ஆனால் ஆபிசர் சத்தமாக ஸ்கோர் சொன்ன பிறகு ஒட்டியிருந்தால் சொன்ன ஸ்கோர் நிற்கும், முறையீடு கிடையாது. அதனால் ஆபிசரோடு கூடவே நடந்து ஒவ்வொரு இலக்கையும் பாருங்கள், அல்லது உங்கள் சார்பில் ஒருவரை அனுப்புங்கள். பார்க்கத் தவறிய இலக்கைப் பற்றிப் பிறகு வாதாட முடியாது. நீங்களோ அவரோ அனுமதியில்லாமல் இலக்குக்கு ஒரு மீட்டருக்கு நெருக்கமாகப் போகக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நடுவில் நிற்கக் கூடாது என்று சொன்னதற்கு விலக்குகள் உண்டு. முதலாவது கண்ணாடியும் காதுப் பாதுகாப்பும். ஓட்டத்தில் இவை கழன்றுவிட்டால் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு நின்று, ஆபிசருக்குக் காட்டலாம். ஆபிசர் முதலில் கவனித்தால் அவரே நிறுத்த வேண்டும். ரீஷூட் கிடைக்கும். வேண்டுமென்றே கழற்றி ரீஷூட் வாங்கப் பார்த்தால் அது விளையாட்டு நெறிக்கு எதிரான நடத்தை, போட்டியிலிருந்தே வெளியேற்றம்.

இரண்டாவது ஸ்குவிப், அதாவது வெடிமருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுபோவது. சத்தம் வழக்கம் போல் இல்லாமல் மந்தமாகக் கேட்கும். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இதில் விதி அழகாக எழுதப்பட்டிருக்கிறது. ஆபிசர் சந்தேகப்பட்டு “ஸ்டாப்” சொன்னால், பிறகு குழலைச் சோதிப்பார்கள். அடைப்பு இருந்தால் ரீஷூட் இல்லை. கடைசிக் குண்டு வரையிலான நேரத்தோடு, சுடாத இலக்குகளுக்கு மிஸ் போட்டு எழுதுவார்கள். குழல் சுத்தமாக இருந்தால் ரீஷூட் கட்டாயம். இதனால் ஆபிசர் தயங்கவே வேண்டியதில்லை: சந்தேகம் தப்பானால் போட்டியாளர் எதையும் இழக்கமாட்டார், சரியானால் ஒருவரின் விரலோ கண்ணோ தப்பியது. நீங்களாகவே ஸ்குவிப் என்று நினைத்து நின்றால் ரீஷூட் கிடையாது. அப்படியும் நில்லுங்கள். ஒரு ஸ்டேஜ் போனால் போகட்டும்.

துப்பாக்கி சிக்கிக்கொண்டால், குண்டுகள் அடங்கிய மேகசின் கழன்று விழுந்தால், எல்லாம் உங்கள் பாடு. சரிசெய்து தொடரலாம், 2 நிமிடத்துக்குள் முடியவில்லையென்றால் சுட்டவரைக்கும் ஸ்கோர். தொடக்க ஒலிக்கு முன்பே துப்பாக்கி கெட்டால் மட்டும் ஆபிசரின் அனுமதியோடு விலகி, சரிசெய்துகொண்டு பிறகு வந்து சுடலாம், அபராதம் இல்லை. “ஸ்டேண்ட்பை” சொன்ன பிறகு ஒலிக்கும் முன்பே ஒருவர் கிளம்பிவிட்டால் ஆபிசர் உடனே நிறுத்தி மறுபடி தொடங்க வைப்பார். அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. இயங்கும் இலக்கு காற்றில் தானாகக் கிளம்பினாலும், முந்தைய ஆளுக்குப் பின் திருப்பி வைக்கப்படாமல் இருந்தாலும் அது சந்தேகமில்லாத கருவிக் கோளாறு.

உங்கள் ஸ்குவாட் நண்பருக்குக் கிடைத்த ரீஷூட்டில் பாரபட்சம் இல்லை. ஆபிசரின் உடல் தற்செயலாகப் பட்டாலோ வேறு வெளிச் செல்வாக்கு குறுக்கிட்டாலோ, உதாரணமாகப் பக்கத்து ஸ்டேஜில் கத்திய “ஸ்டாப்” கேட்டு இவர் நின்றுவிட்டாலோ, ஆபிசர் ரீஷூட் வழங்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நேரத்தையோ ஸ்கோரையோ பார்ப்பதற்கு முன்பே ஏற்கிறேனா, மறுக்கிறேனா என்று சொல்லியாக வேண்டும். நல்ல ஆபிசர் இந்த இடத்தில் டைமர் திரையைக் கையால் மூடிக்கொண்டுதான் கேட்பார். உங்கள் நண்பர் திரையைப் பார்த்த பிறகு ஏற்றிருந்தால் அது தவறு. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. “விரல்!” “குழல்!” என்று ஆபிசர் பாதுகாப்பு எச்சரிக்கை கொடுப்பது குறுக்கீடாகாது, அதைக் காரணம் காட்டி ரீஷூட் கேட்க முடியாது. மோதல் நடந்த குழப்பத்திலேயே குழல் 90 டிகிரியைத் தாண்டிப் பின்னால் திரும்பினால், மோதியது ஆபிசரே ஆனாலும் வெளியேற்றம் வரலாம்.

கடைசியாக, நேரம் எழுதாத தாள். நன்றாகச் சுட்டதை அழிக்கிறார்களே என்ற ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நேரம் இல்லையென்றால் ஹிட் ஃபாக்டரே கிடையாது. டைமரில் காட்டிய எண் ஆபிசருக்கும் உங்களுக்கும் நினைவில் இருந்தாலும், நினைவைப் பதிவாக எடுத்துக்கொள்வதில்லை. இப்படித் தாளில் நேரமோ ஓட்டைக் கணக்கோ குறைந்தாலும் கூடினாலும் அது ரேஞ்ச் மாஸ்டரிடம் போகும், அவர் பொதுவாக மறுபடி சுடச் சொல்வார். மறுபடி சுட வாய்ப்பே இல்லாமல் போய்விட்டால் நேரம் இல்லாத தாளுக்குப் பூஜ்யம். அந்த வகையில் உங்களுக்கு நடந்தது நல்லதுதான். டைமர் கோளாறும் இதே குடும்பம். கடைசிக் குண்டைச் சுவருக்கு அப்பால் நின்று சுட்டீர்கள், டைமரின் மைக் அதைப் பிடிக்கவில்லை என்றால் நேரம் குறைவாகக் காட்டும்; பக்கத்து ஸ்டேஜின் வெடிச் சத்தத்தைப் பிடித்தால் அதிகமாகக் காட்டும். டைமர் எத்தனை குண்டு பதிந்தது என்றும் காட்டும். சுட்ட எண்ணிக்கையோடு அது பொருந்துகிறதா என்று ஆபிசர் பார்க்க வேண்டும், நீங்களும் கேட்கலாம். சரியான நேரத்தைச் சொல்ல முடியாதபோது மறுபடி சுடுவதைத் தவிர வேறு வழியில்லை. கையெழுத்துப் போடும் முன் தாளில் முதலில் தேட வேண்டியது நேரக் கட்டத்தைத்தான்.

ரீஷூட் உத்தரவு வந்துவிட்டால் பழைய ஸ்கோர் போய்விட்டது, புதியது மோசமாக இருந்தாலும் அதுதான் கணக்கு. இரண்டில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. மேகசின்களை நிரப்பி, மூச்சு வாங்கி, தயாரான பிறகு வருகிறேன் என்று ஆபிசரிடம் கேளுங்கள். ஸ்குவாடில் இன்னும் சிலர் சுட்ட பிறகு வர விடுவதுதான் நடைமுறை.

முறையீட்டுக்கு வழி இதுதான். ஸ்டேஜ் ஆபிசர், பிறகு அந்த ஸ்டேஜின் தலைமை ஆபிசர், பிறகு ரேஞ்ச் மாஸ்டர். ஓட்டை ஏ பகுதியா சி பகுதியா என்பது போன்ற தகராறு ரேஞ்ச் மாஸ்டரோடு முடிந்துவிடும். உங்கள் பாப்பர் போல விதி மீறப்பட்டது என்ற புகாரை அதற்கு மேல் நடுவர் குழுவுக்குக் கொண்டுபோகலாம்: மூன்று பேர் கொண்ட குழு, எழுத்தில் மனு, ஒரு கட்டணம், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் மனு போக வேண்டும். ஐபிஎஸ்சியில் கைபேசி வீடியோவைச் சான்றாக ஏற்கமாட்டார்கள், ஆகவே பார்த்தவர்கள் யார் என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏவின் விதிகள் இதே வேரிலிருந்து வந்தவை என்றாலும் சில இடங்களில் வேறுபடும், எந்த நூலின் கீழ் சுடுகிறீர்கள் என்று பதிவு செய்யும்போதே பாருங்கள்.

உங்கள் போட்டியின் முடிவு வெளியாகிவிட்டது, அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது. அந்த 15 புள்ளி இனி திரும்பாது. ஆனால் அந்தப் போட்டியின் ரேஞ்ச் மாஸ்டருக்கு நடந்ததை எழுதுங்கள், புகாராக இல்லாமல் தகவலாக. சவால் விடப்பட்ட பாப்பரைத் தொட்ட அந்த இரண்டாவது ஆபிசர் அடுத்த போட்டியிலும் அதே ஸ்டேஜ் ஓரத்தில் நிற்கப் போகிறார், அவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.